தமிழ்வழியில் படித்தவர் புள்ளியியலை இணையத்தில் இலவசமாகக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

நூலிழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிறகு ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்தேன். நாள்தோறும் துணியின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை), சலவைக்குப் பின் சுருக்கம், தையல் குறைகள் என்று பக்கம் பக்கமாக எண்களை நிரப்புகிறேனே தவிர, அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று யாராவது கேட்டால் சராசரிக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆகவே புள்ளியியலை அடிப்படையிலிருந்து முறையாகக் கற்க வேண்டும் என்று ஓராண்டாக முயன்று வருகிறேன்.

பணம் கட்டிப் படிக்கலாம் என்று விசாரித்தபோது ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாத வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. இணையத்தில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது என்று நண்பர்கள் சொன்னதை நம்பி மூன்று பாடங்களில் பதிவு செய்தேன். மூன்றையும் மூன்றாம் வாரத்தைத் தாண்டாமலேயே விட்டுவிட்டேன். முதலாவதில் ஆங்கிலத்தில் மிக விரைவாகப் பேசினார்கள். இரண்டாவதற்குப் பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் வாரத்தில்தான் தெரியவந்தது. மூன்றாவது நன்றாகவே புரிந்தது. ஆனால் காணொளியைப் பார்க்கும்போது தலையாட்டிய நான், மறுநாள் அதே கணக்கைப் போட உட்கார்ந்தபோது ஒரு வரிகூட எழுத வரவில்லை. இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பவை சேமித்து வைத்த 60 இணைப்புகள் மட்டுமே.

இரவு 9.30 முதல் 11 மணி வரை எனக்கு நேரம் கிடைக்கும். ஒரு கைப்பேசியும், அண்ணன் மகன் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்றும் உள்ளன. இன்னொரு பட்டியல் தந்தால் அதையும் அந்த 60உடன் சேர்த்து வைத்துவிடுவேன் என்பதால், எதை முதலில் எடுப்பது, எதுவரை படிப்பது, அதன்பின் எதற்குப் போவது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். இவற்றில் கிடைக்கும் சான்றிதழ்களுக்கு உண்மையில் மதிப்பு உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கரும்பலகை எழுதியது:

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் 28 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் மூன்று பாடங்களை விட்டதற்கு மூன்று காரணங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழைகள், எளிதில் சரிசெய்யலாம். பார்க்கும்போது புரிந்தது, போடும்போது வரவில்லை என்ற மூன்றாவது காரணம்தான் நான் பணியாற்றிய காலம் முழுவதும் வகுப்பறையில் கண்டது. கரும்பலகையில் நான் கணக்கைப் போடும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் புரியும். காணொளி என்பது எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னோக்கி ஓட்டக்கூடிய கரும்பலகை, அவ்வளவுதான்.

முதல் நான்கு மாதங்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதையும் தேடாதீர்கள். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளுக்குப் புள்ளியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. 11, 12ஆம் வகுப்புப் பாடநூல்கள் இரண்டும் தமிழ்வழி, ஆங்கிலவழி ஆகிய இரு வடிவங்களிலும் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. மைய நிலை அளவைகளில் தொடங்கி, சிதறல் அளவைகள், நிகழ்தகவு, ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், கருதுகோள் சோதனை, ஒட்டுறவு, தொடர்புப்போக்கு என்று உங்கள் வேலைக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு நூல்களுக்குள் அடங்கிவிடும். இவற்றின் தமிழ் நடை சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கெல்லாம் ஆங்கிலவழி நூலின் அதே பக்கம் தெளிவாக இருக்கும்.

அதனால்தான் இரண்டு வடிவங்களையும் அருகருகே திறந்துவைத்துப் படிக்கச் சொல்கிறேன். பாடங்களின் வரிசையும் கணக்குகளும் இரண்டிலும் ஒன்றே. தமிழில் ஒரு பகுதியைப் படித்துப் புரிந்துகொண்டு, அதே பகுதியை ஆங்கிலத்தில் மறுபடி படித்தால், திட்டவிலக்கம் என்று நீங்கள் அறிந்ததே ஸ்டாண்டர்டு டீவியேஷன், சமவாய்ப்பு மாறி என்பதே ரேண்டம் வேரியபிள் என்பது தானாகப் பதியும். ஒரு சிறு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதி வாருங்கள். இருநூறு சொற்கள் சேர்ந்துவிட்டால், விரைவாகப் பேசுகிறார்கள் என்று நீங்கள் விட்டுவந்த அந்த முதல் பாடத்தில் பாதி தடை நீங்கியிருக்கும். ஏனென்றால் பாட உரைகளில் நம்மைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் பேச்சு ஆங்கிலம் இல்லை, கலைச்சொற்களே.

ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனை ஒன்றில், சிலரை ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்தார்கள்; மற்றவர்களை ஒருமுறை படித்தபின் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே முதல் 30 நிமிடங்கள் படித்துவிட்டு, மீதி ஒரு மணி நேரமும் நூலை மூடிவைத்துக் கணக்குப் போடுங்கள். முந்தைய நாள் தவறாகப் போட்ட கணக்கோடு அன்றைய இரவைத் தொடங்குங்கள்.

பின்னம், விழுக்காடு, சமன்பாடு ஆகியவற்றில் துரு ஏறியிருந்தால் கான் அகாடமி என்ற இலவசக் கற்றல் தளத்தில் அந்தத் தலைப்பை மட்டும் எடுத்துப் பயிற்சி செய்யலாம். சல்மான் கான் 2004இல் தம் உறவுப்பெண் ஒருவருக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, அது வளர்ந்து 2008இல் இலாப நோக்கற்ற நிறுவனமான கதை பலருக்கும் தெரிந்ததே. விடை தவறினால் உடனே குறிப்புகளைத் தருவது அதன் சிறப்பு. ஆனால் மாலையில் ஒரு சந்தேகத்துக்காக உள்ளே போய் நள்ளிரவில் வேறு ஏதோ தலைப்பில் இருந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

இரவுப்பள்ளி எழுதியது:

ஐயா சொன்ன வரிசையை வழிமொழிகிறேன். அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியும், சான்றிதழ் பற்றிய கேள்விக்கும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இணையவழிப் பாடங்களை நடத்தும் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, கான்பூர், கரக்பூர், மெட்ராஸ், ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. இப்போது அதன் பாடங்கள் 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் என்னும் மத்திய அரசின் கல்வித் தளத்தின் வழியே சனவரி, சூலை என ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் நடக்கின்றன. 4, 8, 12 வாரங்களுக்கான பாடங்கள் உண்டு. வாரந்தோறும் ஒப்படைப்பு (அசைன்மென்ட்) உண்டு. பதிவு செய்வதற்கும் காணொளிகளைப் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டித் தேர்வுக்குப் பதிவு செய்து, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். நான் எழுதியபோது கட்டணம் 1,000 ரூபாய். ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 என்று தனித்தனியே பெற்றால்தான் சான்றிதழ்.

நான் முதல்முறை 12 வாரப் பாடம் ஒன்றை எடுத்து, காணொளிகளை எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்து, ஒப்படைப்புகளை நண்பருடன் பேசி நிரப்பி, தேர்வில் 75க்கு 24 வாங்கினேன். ஒப்படைப்பு மதிப்பெண் 22 இருந்தும் பயனில்லை. அடுத்த பருவத்தில் அதே பாடத்தை எடுத்து, ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பைத் தனியாகப் போட்டு, விடை வெளியானபின் தவறியவற்றை மீண்டும் போட்டுப் பார்த்தேன், தேர்ச்சி பெற்றேன். அந்தச் சான்றிதழை இதுவரை எந்த நேர்காணலிலும் யாரும் கேட்டதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு மதிப்பலகாக (கிரெடிட்) சேர்த்துக்கொள்ளும் வசதி இருப்பதால் அவர்களுக்கு நேரடிப் பயன் உண்டு. வேலையில் இருக்கும் நமக்கு அது குறைவே.

அப்படியென்றால் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எடெக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை ஒன்றில், 2017-18ஆம் கல்வியாண்டில் பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினரே பாடத்தை முடித்தார்கள் என்றும், சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தார்கள் என்றும் சொல்லப்பட்டிருந்தது. முடிக்கும் எண்ணம் உள்ளவர்களே பணமும் கட்டுவார்கள் என்பதால், கட்டணத்தின் மந்திரம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் தேர்வு நாள் ஒன்று நாட்காட்டியில் இருக்கும்போது, மழை பெய்கிற இரவிலும் மடிக்கணினியைத் திறக்கிறோம் என்பதை நான் என்னிடமே கண்டேன். மூன்று முறை பாதியில் விட்டவருக்கு 1,000 ரூபாய் அதிகம் இல்லை. ஆனால் அது பாடநூல்களை முடித்தபின் எடுக்கும் முடிவாக இருக்கட்டும். 12 வாரப் பாடத்தை விட்டு 4 அல்லது 8 வாரப் பாடத்தில் தொடங்குங்கள். பதிவு செய்யும் முன் பாடப் பக்கத்தில் முன்தேவை என்ன என்று எழுதியிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். பைத்தான் இடித்த இடத்தில் இன்னொரு முறை இடித்துக்கொள்ள வேண்டாம்.

கட்டற்ற மணி எழுதியது:

இலவசம் என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு இலவசம், வைத்துக்கொள்வதற்கு இலவசம் என்று இரண்டு வகை உண்டு. எடெக்ஸ் போன்ற தளங்களில் பணம் கட்டாதவர்களுக்குப் பாடம் குறிப்பிட்ட காலம் மட்டுமே திறந்திருக்கும். இரவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் படிக்கிறவர் பாதி வழியில் கதவு சாத்தப்பட்டதைக் காண நேரும். மாறாக, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் வெளியிட்டுவரும் பாடநூல்களையும், எம்.ஐ.டி. 2001இல் அறிவித்துத் தொடங்கிய ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களையும், பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் உங்கள் கணினியில் இறக்கி எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். மேல்நிலை நூல்கள் இரண்டையும் முடித்தபின், ஓப்பன்ஸ்டாக்ஸின் 13 இயல்கள் கொண்ட அறிமுகப் புள்ளியியல் நூல் உங்களுக்கு ஏற்றது. அதற்கு நுண்கணிதம் தேவையில்லை. எம்.ஐ.டி.யின் 18.05 என்ற எண்ணுள்ள நிகழ்தகவு, புள்ளியியல் பாடமும், ஹார்வர்டின் ஸ்டாட் 110 விரிவுரைகளும் அருமையானவை; ஆனால் இரண்டுக்கும் நுண்கணிதம் வேண்டும் என்பதால் இப்போதைக்கு அந்த 60இல் இருந்து அவற்றை அழித்துவிடுங்கள்.

மென்பொருளுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் போதும். பழைய மடிக்கணினியிலும் ஓடும். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் இதற்கான பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவுதான். திரையின் ஒரு பாதியில் காணொளியையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்லச் செய்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கணியம் தளத்திலும் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் கிடைக்கும். பைத்தான் எல்லாம் அடுத்த ஆண்டுக் கவலை.

இவை எல்லாவற்றையும்விட உங்களிடம் இருக்கும் ஒரு பெரிய வளத்தை நீங்களே கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. நான் சில காலம் ஆடைத் தொழிலில் கணினிப் பிரிவில் இருந்தவன். 3,000 பீஸ் கொண்ட ஒரு லாட்டுக்கு (ஒரே தொகுதியாகச் சோதனைக்கு வரும் சரக்கு), பொதுச் சோதனை நிலை இரண்டில் (வழக்கமான மாதிரி அளவு), ஏ.க்யூ.எல். 2.5 (ஏற்கத்தக்க குறை அளவு 2.5 விழுக்காடு) என்று பையர் கேட்டால், 125 பீஸ் எடுத்துச் சோதித்து, 7 குறை வரை ஏற்றுக்கொண்டு 8 வந்தால் நிராகரிப்பீர்கள். அட்டவணையைப் பார்க்காமலேயே உங்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும். ஏன் 125, ஏன் 7 என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? அதற்கான விடை, இத்தனை பீஸில் இத்தனை குறை வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும், ஐயா குறிப்பிட்ட ஈருறுப்புப் பரவல் என்ற பாடத்தில் இருக்கிறது.

லாட்டில் உண்மையாகவே 2.5 விழுக்காடு குறை இருப்பதாக வைத்துக்கொண்டால், 125 பீஸில் 7 அல்லது அதற்குக் குறைவான குறைகள் அகப்படும் நிகழ்தகவு 0.986. அதாவது நல்ல லாட் நூற்றுக்கு 98 முறைக்கு மேல் தேறிவிடும். இப்போது லாட்டில் 8 விழுக்காடு குறை இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் 0.21 வருகிறது. அவ்வளவு மோசமான லாட்டும் ஐந்தில் ஒரு முறை உங்கள் மேசையைத் தாண்டிப் போய்விடும் என்று அதற்குப் பொருள். கால்க்கில் பைனாம்டிஸ்ட் (BINOMDIST) என்ற சார்பில் 7 (ஏற்கும் குறை), 125 (பீஸ்), 0.08 (குறை விகிதம்), 1 (7 வரை எல்லாவற்றையும் கூட்டு) என்று நான்கு மதிப்புகளைக் கொடுத்தால் இந்த விடை ஒரு நொடியில் கிடைக்கும். நிகழ்தகவுப் பாடம் வரும்வரை காத்திருக்காமல் இதை இன்றிரவே போட்டுப் பாருங்கள். பாடநூலில் வரும் சீட்டுக்கட்டும் பகடையும் அதன்பிறகு சலிப்பூட்டாது.

நூலிழை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாடநூல்கள் நான்கையும் இறக்கிவிட்டேன். தமிழ்வழி நூலை மட்டும் கடையில் அச்செடுத்துக் கட்டிக்கொண்டேன். 60 இணைப்புகளில் 57ஐ அழித்தேன். மீதி மூன்றையும் அழிக்க மனம் வரவில்லை, அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

மணி அவர்கள் சொன்ன கணக்கை அன்றிரவே செய்து பார்த்தேன், 0.209 என்று வந்தது. பிறகு நானாகவே 0.05 என்று மாற்றிப் போட்டேன், 0.7117 வந்தது. நான் புரிந்துகொண்டது சரியென்றால், இருபது பீஸுக்கு ஒன்று குறையாக உள்ள லாட்டுகள் பத்து வந்தால் அவற்றில் ஏழு தேறிவிடும். இதை அலுவலகத்தில் மூத்த பரிசோதகரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இந்த அட்டவணையை வைத்து நாம் எதைத்தான் பிடிக்கிறோம் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்கில் நான் எங்காவது தவறியிருக்கிறேனா?

கரும்பலகை எழுதியது:

கணக்கில் தவறு இல்லை. ஆடைத் தொழில் எனக்குப் புதிது என்பதால், மணி அவர்கள் குறிப்பிட்ட அட்டவணை முறையைப் பற்றி நேற்று படித்துப் பார்த்தேன், ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற தரநிலையில் வருகிறது. உங்கள் மூத்த பரிசோதகர் கேட்ட கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது. அந்த முறை ஒரு தனி லாட்டைப் பிடிப்பதற்காக மட்டும் வகுக்கப்பட்டதன்று. தொடர்ந்து வரும் லாட்டுகளைக் கருத்தில் கொண்டது. அடுத்தடுத்து வரும் ஐந்து லாட்டுகளுக்குள் இரண்டு நிராகரிக்கப்பட்டால், இயல்பான சோதனையிலிருந்து கடுமையான சோதனைக்கு மாற வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்போதும் அதே 125 பீஸ்தான். ஆனால் 7 வரை ஏற்றது 5 ஆகக் குறைகிறது. உங்கள் இடத்தில் அந்த மாற்றத்தைச் செய்கிறீர்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

7 இருந்த இடத்தில் 5 வைத்து, 0.05ஐ அப்படியே விட்டு மறுபடி கணக்கிடுங்கள், 0.40 வர வேண்டும். பிறகு கால்க்கை மூடிவிட்டு, 11ஆம் வகுப்பு நூலில் ஈருறுப்புப் பரவலுக்கான சூத்திரத்தை எடுத்து, 125க்குப் பதில் 10 பீஸ், குறை 1 வரை ஏற்பு என்று வைத்துக் கையால் போட்டு இங்கே எழுதுங்கள். சரிபார்த்துச் சொல்கிறேன்.